பின்னறைக் காற்று

வேலூர் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் என் மனைவியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு வீட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்ததும், ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். எந்த ஊர், சொந்த வீடா, பழைய கட்டடமா, சுவரில் ஈரம் உண்டா. திருத்தணியில் மலையடிவாரத்தில் வீடு, பின்சுவர் பாறையை ஒட்டி இருக்கிறது, மழைக்காலத்தில் கொஞ்சம் ஓதம் அடிக்கும் என்றேன். "கொஞ்சம்னா எவ்வளவு? போட்டோ ஏதாவது இருக்கா?" என்றார். போனில் தேடினேன். எங்கள் கல்யாண நாள் அன்று புதுப் புடவையோடு அவள் பின்னறையில் நின்ற படம் ஒன்று கிடைத்தது. டாக்டர் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினார். அவள் முகத்தைத் தாண்டி, ஜன்னலுக்குக் கீழே சுவரில் கறுப்பாகப் படர்ந்திருந்ததைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய். முதல் சுற்று மருந்திலேயே உடம்பின் எதிர்ப்புச் சக்தி முழுக்க இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் நுரையீரலில் பூஞ்சை பிடித்துக்கொண்டது. பிழைத்ததே பெரிது என்று நர்சுகள் வெளிப்படையாகவே சொன்னார்கள். இரண்டு சுற்று மருந்துக்கு நடுவில் வீட்டுக்குப் போய் இருக்கலாம், ஆனால் அந்த வீட்டுக்கு இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். "சுத்தம் பண்ணுங்க. பண்ணிட்டேன்னு நீங்க சொன்னா பத்தாது. அளந்து பார்க்கிறவங்க பார்த்துச் சொல்லணும். இன்னொரு தடவை வந்தா அவங்க தாங்க மாட்டாங்க."

சரி என்றேன். அந்த மாதங்களில் எல்லாவற்றுக்கும் நான் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் யாருடைய காலையோ கிள்ளுவது போல இருக்குமே, எனக்கு ஆள் முழுக்க அப்படி ஆகியிருந்தது. பயம் இருந்திருக்க வேண்டும். துக்கமும் இருந்திருக்க வேண்டும். இரண்டும் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை. பசித்தால் சாப்பிட்டேன், பேருந்து வந்தால் ஏறினேன்.

எனக்குச் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை. கரும்பு வண்டி வந்து மேடையில் நிற்கும், எண் விழும், அதைச் சொல்வேன். விவசாயி இன்னும் ஒரு தரம் பாருங்க என்பார். எத்தனை தரம் பார்த்தாலும் அதேதான் விழும். இத்தனை வருஷம் எந்திரம் சொன்னதை ஏற்றுக்கொண்டே பழகியவன் நான். அதனால் டாக்டர் சொன்னதில் எனக்கு எந்தச் சிக்கலும் தெரியவில்லை. அரவை முடிந்திருந்தது, லீவும் கிடைத்தது. அவளை ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு வாடகை அறையில் அவள் தங்கையோடு விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன்.

மேஸ்திரி ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஆள். வந்ததும் பின்னறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். நாங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்திருந்தோம். பிறப்புத் திருநாளுக்குச் சுவர் அழுக்காக இருக்கக்கூடாது என்பது எங்கள் தெருக் கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் இருக்கிற வீம்பு. ஓதத்தின் மேல் பெயின்ட், அதன் மேல் மறுபடி ஓதம், அதன் மேல் மறுபடி பெயின்ட். மேஸ்திரி கரண்டியால் ஒரு ஓரத்தைக் கிளப்பினார். அது பாளமாக உரிந்து வந்தது.

"இன்னா சார் இது, செவுத்துக்கு சட்டை மேல சட்டையா போட்டு வச்சிகீறீங்க. உள்ள மூச்சு வுட வழியே இல்ல."

செங்கல் தெரிகிற வரை பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். வீட்டுக்கும் பாறைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் மண்ணை வாரிவிட்டு, தண்ணீர் தெருவுக்கு ஓடுகிற மாதிரி வாய்க்கால் கட்டினார்கள். கட்டில், மெத்தை, தலையணை, பரணில் இருந்த பலகை, மர பீரோ எல்லாம் போயின. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மருந்து போட்டுத் தேய்த்தார்கள். சித்திரை வெயிலில் செங்கலை அப்படியே காயவிட்டு, பிறகுதான் புதுப் பூச்சு பூசினார்கள். முன்னறையில் கறை அவ்வளவாக இல்லை. அங்கே சுவரைக் கழுவித் துடைத்து, மாட்டியிருந்ததை எல்லாம் இறக்கித் துடைத்து, திரும்ப மாட்டினார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி டீ குடிக்கக் கூப்பிட்டால் போவேன்.

வேலை முடிந்தது. சரியாக முடிந்ததா என்று சொல்ல ஆள் தேடினேன். ஆலையில் கூட வேலை செய்கிறவரிடம் கேட்டதற்கு, "வீட்ல பேய் இல்லன்னு சொல்றதுக்கு ஆள் தேடற மாதிரி இருக்குதே" என்று சிரித்தார். பேய் ஓட்ட நம் பக்கம் ஆள் உண்டு, ஓடிவிட்டதா என்று அளக்கத்தான் ஆள் இல்லை என்றேன். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கடைசியில் சென்னையில் இந்த வேலை செய்கிற ஒரு பெண்ணின் நம்பர் கிடைத்தது. வருவதற்கு முதல் நாளே வீட்டைப் பூட்டி வைக்க வேண்டும், பெருக்கக் கூடாது, ஃபேன் போடக் கூடாது, ஊதுவத்தி, மெழுகுவத்தி எதுவும் ஏற்றக் கூடாது என்று போனில் சொன்னார்.

ரயிலில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தோளில் ஒரு பை, நெற்றியில் சின்னப் பொட்டு. வந்தவுடன் எந்திரத்தை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாக அடித்துக்கொண்டே மெதுவாக நடந்தார். அந்த வெளிச்சத்தில் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழல் விழுந்து தெரிந்தது. ஒரு கறுப்புத் துணியால் ஜன்னல் விளிம்பையும் கதவின் மேல்பக்கத்தையும் துடைத்து, தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு கொம்பு வைத்த ஒரு மீட்டரைச் சுவரில் அழுத்தி ஈரம் பார்த்தார். பின்சுவர் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றார். மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் எந்திரம். டிபன் டப்பா அளவுதான் இருந்தது. ஒரு தாங்கியில் நிறுத்திப் பின்னறையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டார், அது காற்றை உறிஞ்சியது. அப்புறம் முன்னறையில். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

"தெருவுல எதுக்குங்க?" என்றேன்.

"வெளிக் காத்துல பூஞ்சை எவ்வளவு இருக்குன்னு தெரியணும் சார். உள்ள அதைவிட அதிகமா இருக்கக் கூடாது."

"வெளியிலயும் இருக்குமா?"

"எல்லா இடத்துலயும் இருக்கும் சார். இல்லாத இடமே கிடையாது. வீட்டுக்குள்ள அது வளரக் கூடாது, அவ்வளவுதான் நாம பார்க்கறது."

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றுமே இல்லை என்று ஒருவர் சொல்வார், அதைக் கேட்டுக்கொண்டு போய் அவளிடம் சொல்லலாம் என்று இருந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் பாயை உதற வந்தவர், எந்திரத்தைப் பார்த்துவிட்டு நின்றார். கொஞ்ச நேரம் உதற வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

"இன்னாது தம்பி, காத்தையா புட்ச்சிகினு போறாங்க?"

"ஆங்" என்றேன்.

"நல்லா புட்ச்சிகினு போவட்டும். தங்கச்சி சீக்கிரம் வூட்டுக்கு வந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சில நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். பின்னறை நன்றாக இருக்கிறது. முன்னறையில்தான் அதிகம், தெருவில் இருப்பதைவிடப் பல மடங்கு. தப்பாக இருக்கும், பின்னறையில்தானே கறுப்பாக இருந்தது என்றேன். இன்னும் ஒரு தரம் பாருங்கள் என்று நானே கேட்டுவிட்டேன். எடைமேடையில் அத்தனை பேர் என்னிடம் கேட்டது அது. அவர் சலித்துக்கொள்ளவில்லை. வந்து பார்க்கிறேன், முன்னறையில் எங்கேயோ ஒன்று மிச்சம் இருக்கிறது என்றார்.

இரண்டாம் முறை வந்தபோது முன்னறையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் பெரிதாக ஒன்றுமில்லை. டிவி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கதவுக்கு எதிரே இருதய ஆண்டவர் படம். அவர் பார்வை படத்தில் நின்றது.

"அதை இறக்கலாமா சார்?"

"அதெல்லாம் துடைச்சிட்டாங்க."

"பின்னாடி?"

முக்காலி போட்டு ஏறி நானே இறக்கினேன். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் என் மனைவி செருகி வைத்திருந்த குருத்தோலைச் சிலுவைகள் அத்தனையும் அங்கேயே இருந்தன. குருத்து ஞாயிறு அன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற ஓலையை வீட்டுக்குக் கொண்டுவந்து சிலுவையாக மடிப்பாள், எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பழைய ஓலையை அடுத்த வருஷம் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதை எரித்துத்தான் சாம்பல் புதன் அன்று நெற்றியில் பூசுவார்கள். இவள் கொடுக்கவே மாட்டாள். பச்சை ஓலையை அப்படியே பழையதோடு சேர்த்துச் செருகி, கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து எல்லாம் ஒரே கட்டாக இருந்தது. கட்டின் மேல் சாம்பல் நிறத்தில் ரோமம் போல முளைத்திருந்தது. படத்தின் பின்பலகை முழுக்கக் கறுப்பு.

அந்தப் பெண் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கையுறை போட்டிருந்தும் தொடவில்லை. முகமூடி ஒன்றை என்னிடம் நீட்டி, "நீங்க எடுங்க சார். இது நான் எடுக்கறது சரியில்ல" என்றார்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அவர் பெருமையாகத்தான் பேசினார். "ஆமா சார், நாந்தான் திரும்ப வச்சேன். படத்த எறக்கசொல்ல அந்த ஓலையும் வந்துச்சி. சாமி சமாசாரம், நம்ம கை பட்டு கலையக் கூடாதுன்னு பசங்கள தொடவே வுடல. எப்படி இருந்துச்சோ அப்படியே சொருவிட்டேன். ஒண்ணு கூட கீழ வுடல."

அவர் அதைச் செருகும்போது நான் வாசலில் நாற்காலியில்தான் இருந்தேன். முருகன் மலைக்குக் காவடி தூக்குகிற மனிதர் நம் ஓலைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். ஓலை பூத்திருந்தது அவர் கண்ணுக்கும் படவில்லை, என் கண்ணுக்கும் படவில்லை. கும்பிடுகிற பொருளை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அய்யய்யோ" என்றார்.

அவளிடம் கேட்காமல் அதைத் தூக்கிப் போட முடியாது. போன் போட்டேன். தங்கை எடுத்து, "இருங்க பாவா, முழிச்சிகினுதான் இருக்குது" என்று கொடுத்தாள்.

"ஓலையில இருக்குதாம்" என்றேன்.

"எந்த ஓலையில?"

"படத்துக்குப் பின்னாடி."

அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அப்போதெல்லாம் அவள் மூச்சில் ஒரு கரகரப்பு இருக்கும்.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

"வருஷா வருஷம் நம்ம ரெண்டு பேரும் இருக்கறோம்னு வச்சதுங்க அது." அழுகிறாளா என்று கவனித்தேன். அழவில்லை. "சரி, தூக்கிப் போட்டுடாதீங்க. கோயில்ல குடுத்துடுங்க, பாதர் எரிச்சிடுவாரு. படமும் போவுதா?"

"பலகை போயிடும். படத்துக்குக் கண்ணாடி போட்டுக்கலாம்."

"சரிங்க" என்றாள். இப்போது அவளும் என்னைப் போலவே எல்லாவற்றுக்கும் சரி சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று தோன்றியது. அதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

இரட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பாதர் பையைப் பிரிக்காமலே பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தினார். அந்த வருஷம் நாங்கள் குருத்து ஞாயிறுக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரியும், எதுவும் கேட்கவில்லை. ஈரம் இருந்ததால் ஓலை சட்டென்று பிடிக்கவில்லை, புகைந்தது. காற்று வீசாத பக்கமாகத் தள்ளி நின்று, முழுக்க எரிகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி கூலி வேண்டாம் என்று சொல்லி வந்து, முன்னறையை மறுபடி மூலைமுடுக்கு விடாமல் கழுவிக் கொடுத்தார். வீட்டை மறுபடி பூட்டி, அந்தப் பெண் மறுபடி வந்து காற்றைப் பிடித்துக்கொண்டு போனார். இந்த முறை போனில், "ரெண்டு ரூமும் நல்லா இருக்கு சார். வெளியில இருக்கறதைவிடக் குறைவாத்தான் இருக்கு. கூட்டிட்டு வரலாம்" என்றார். நன்றி சொன்னேன். சந்தோஷம் வரும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. போய்க் கை கழுவிக்கொண்டு சாப்பிட்டேன்.

அடுத்த நாள் சோளிங்கர் வழியாகப் போகிற பேருந்தில் வேலூர் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வாடகை அறையில் அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி இல்லாமல் துணி கட்டியிருந்தாள். சுவரில் ஈரம் எவ்வளவு, காற்றில் பூஞ்சை முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று எல்லாம் வரிசையாகச் சொன்னேன். சுவரின் படத்தையும் காட்டினேன். அவள் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எங்க படுத்துக்கறீங்க?" என்றாள்.

"வாசல்ல."

"எல்லாம் சரியா போச்சின்னு சொன்ன அன்னிக்கு?"

யோசித்தேன். அன்றைக்கும் வாசலில்தான் பாய் போட்டிருந்தேன். வேலை ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாள்கூட உள்ளே படுக்கவில்லை. வேண்டும் என்று செய்தது இல்லை. கால் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

"எனக்கு அங்க வரதுக்கு பயமா இருக்குதுங்க" என்றாள். "டாக்டர் மூஞ்சியப் பாத்தா நல்லதா கெட்டதான்னு தெரியறதில்ல. உங்க மூஞ்சியும் இப்போ அப்படித்தான் கீது. நம்பர் சொல்றீங்க. நல்லா இருக்குன்னு நீங்க ஒரு தடவையும் சொல்லல."

"மெஷின் சொல்லுதே."

"மெஷின் வந்து படுக்குமா? நீங்க போயி அந்த ரூம்ல படுத்து எழுந்து வந்து சொல்லுங்க. அப்பறம் நான் வரேன்."

நான் திடமான ஆள், நான் படுத்து எழுந்தால் உனக்கு எதுவும் நிரூபணம் ஆகாது, அதற்குத்தான் எந்திரம் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "தெரியும். எனக்குப் படிப்பு இல்லன்னு நெனைக்காதீங்க. இருந்தாலும் போயி படுங்க" என்றாள். அவள் தங்கை சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வெகுநாள் கழித்து எனக்கு வந்த முதல் எரிச்சல் அது. ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் மஞ்சள் வேட்டிக் கூட்டம், ஒலிபெருக்கி. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மத்தியானம் சாப்பிட்ட கையோடு பின்னறையில் புதுக் கட்டிலில் படுத்தேன். ஃபேன் போட்டேன். அவள் பக்கத்தை விட்டுவிட்டு என் பக்கத்தில்தான் படுத்தேன் என்பது படுத்த பிறகுதான் தெரிந்தது. வெள்ளைச் சுவர் பக்கத்தில் இருந்தது. கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாகக் காய்ந்திருந்தது. நன்றாக மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை, வெறும் காற்று. இவ்வளவுதானே, இந்தக் காற்று போதுமே, இது அவளுக்குள் போனால் அவள் இருப்பாளே என்று நினைத்தேன். பயந்திருக்கிறேன், அத்தனை மாதமும் எலும்பு வரைக்கும் பயந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் செத்துவிடுவாள் என்று பயந்திருக்கிறேன். தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். வெளியே இருந்த மேளத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

முகம் கழுவாமலே போன் போட்டேன். இந்த முறை அவளே எடுத்தாள்.

"படுத்தீங்களா?"

"ஆங். படுத்தேன்."

"ஏன் குரல் ஒரு மாதிரி கீது? தொண்டையில எதாவது பண்ணுதா?" அவள் குரல் உயர்ந்தது. "மூக்கு அடைச்ச மாதிரி பேசறீங்க. அங்க எதுனா இருக்குதா? மறைக்காம சொல்லுங்க."

"இல்ல, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அழுதேன்."

அந்தப் பக்கம் கரகரவென்று அவள் மூச்சு கேட்டது.

"அப்போ சரி" என்றாள். "வந்து இட்டுகினு போங்க."